சகேயுவின் பாதியும் எட்டில் நாலும்

முதல் வகுப்புக்கு, இயேசு ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்த ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையை எடுத்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்தது.

ஞாயிறு பள்ளியில் என்னிடம் ஒன்பது பிள்ளைகள். ஏழு வயதில் ஒருத்தி, பத்து வயதில் இரண்டு பேர், மற்றவர்கள் நடுவில். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் சமான பின்னம் நடந்துகொண்டிருந்தது. 1/2-ம் 2/4-ம் ஒன்று என்று மனப்பாடம் செய்திருந்தார்கள், ஏன் என்று கேட்டால் "மிஸ் சொன்னாங்க" என்பார்கள். வேதாகமக் கதைகளில்தான் எண்களுக்குப் பஞ்சமே இல்லையே, வரைகிற நேரமும் நம்மிடம் இருக்கிறதே, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அப்பம் ஐந்து, ஆட்கள் ஐயாயிரம். 5/5000. சுருக்கினால் 1/1000, ஓர் அப்பத்துக்கு ஆயிரம் பேர். எனக்கு அது அழகான கணக்காகத் தெரிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வெறும் சத்தம். ஒருத்தி வட்டமாக அப்பம் வரைந்து, நிஜமாகவே அதை ஆயிரம் துண்டாக்கப் பார்த்தாள். முப்பது கோடு தாண்டுவதற்குள் வட்டத்தின் நடு முழுக்கப் பென்சில் கருப்பு, அப்புறம் தாளில் ஓட்டை. இது போதாதென்று பெரிய பையன் ஒருவன் மத்தேயு 14:21-ஐ விரல் வைத்துக் காட்டினான். "அக்கா, பெண்களும் பிள்ளைகளும் இந்தக் கணக்குல இல்லன்னு போட்டிருக்கே. அப்போ மொத்தம் எத்தனை பேரு?"

மொத்தம் தெரியாது. மொத்தம் தெரியாத இடத்தில் பின்னம் ஏது? அன்றைக்கு மீனுக்கு வண்ணம் தீட்ட வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அவன் கேட்டதை வைத்துத்தான் அதற்கப்புறம் கதைகளைத் தேர்ந்தெடுத்தேன். கதையில் முழுமை எது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அது மேசைமேல் பரப்பி எண்ணுகிற அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். பங்குகள் சமமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் பிறகு நானே வழுக்கி விழுந்தேன், அதற்கு வருகிறேன்.

அடுத்த வாரம் சகேயு. லூக்கா 19. குள்ளமானவர், மரத்தில் ஏறியவர் என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்த ஆள். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்கிறார். இதில் முழுமை அவருடைய ஆஸ்தி, பங்கு பாதி. எண்ணிக்கையே கிடையாது என்பதுதான் வசதி. ஆளுக்கு ஒரு நீளமான தாள் பட்டை கொடுத்து, இதுதான் சகேயுவின் ஆஸ்தி என்றேன். ஒருமுறை மடித்துப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மெழுகு வண்ணத்தால் சிவப்பு அடிக்கச் சொன்னேன். சிவப்பு ஏழைகளுக்கு, வெள்ளை சகேயுவுக்கு.

அப்புறம் அதே பட்டையைப் பழையபடி மடித்து, அதை இன்னும் இரண்டு முறை மடித்துப் பிரிக்கச் சொன்னேன். இப்போது எட்டுக் கட்டம். "எத்தனை கட்டம் சிவப்பு?" நாலு. "எட்டில் நாலு. சரி, சகேயு இப்போ முன்னைவிட அதிகமா கொடுக்கிறாரா?"

மூன்று பேர் ஆமாம் என்றார்கள். முன்னே ஒன்றுதான் கொடுத்தார், இப்போது நாலு கொடுக்கிறார், அதிகம்தானே என்று வாதம். ஏழு வயதுக்காரி மட்டும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் திரும்பக் கலர் அடிக்கவே இல்லையே" என்றாள். நான் அந்த வகுப்பில் சொல்ல நினைத்து வைத்திருந்ததை எல்லாம் அந்த ஒரு வாக்கியம் தின்றுவிட்டது. மடிப்புதான் கூடியது, சிவப்பு கூடவில்லை. பிறகு யாராவது 4/8 பெரிது, 1/2 சிறிது என்று ஆரம்பித்தால் மற்றவர்களே கேட்டார்கள்: "நீ திரும்பக் கலர் அடிச்சியா?"

இங்கே கைவேலை பற்றி ஒரு விஷயம். முதலில் வண்ணம், பிறகு மடிப்பு. இந்த வரிசை மாறினால் பாடமே போய்விடும். எட்டாக மடித்துவிட்டு நாலு கட்டத்துக்கு வண்ணம் அடித்தால் பிள்ளை நாலு தனித்தனிக் கட்டத்தைத்தான் பார்க்கும், அதற்குள் இருக்கிற பாதி கண்ணில் படாது. நீர்வண்ணமும் வேண்டாம். தாள் சுருங்கி நெளிந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. கெட்டி அட்டை மூன்றாவது மடிப்பிலேயே முரண்டு பிடிக்கும். சாதாரண வெள்ளைத் தாள் போதும்.

சகேயுவை எடுப்பதற்கு முன்னால், பாதி என்றதும் என் நினைவுக்கு வந்தது சாலொமோன் ராஜாவின் தீர்ப்புதான். குழந்தையை இரண்டாக வெட்டுங்கள் என்கிற கதை. நல்லவேளை, ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தாளை மடித்துக் கிழித்துக்கொண்டே சொல்கிற கதை அல்ல அது.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள எண்ணைத் தொகுதி என்கிறோம், கீழே உள்ளதைப் பகுதி என்கிறோம். வீட்டுப் பேச்சில் பகுதி என்றால் ஒரு துண்டு. ஆக, "பகுதி எத்தனை?" என்று கேட்டால் பிள்ளை வண்ணம் அடித்த துண்டுகளை எண்ணி மேலே உள்ள எண்ணைச் சொல்கிறது. அது பிள்ளையின் தப்பே இல்லை. முதல் சில வாரங்களுக்கு அந்த இரண்டு சொற்களையும் தள்ளி வைத்துவிட்டு "எட்டில் நாலு", "பன்னிரண்டில் மூன்று" என்று மட்டும் பேசினோம். தமிழ் இந்த இடத்தில் நமக்குப் பெரிய உதவி. முழுமையை முதலில் சொல்லிவிட்டுத்தான் பங்கைச் சொல்கிறது. "த்ரீ பை ட்வெல்வ்" என்றே பழகிய பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பார்த்ததும் எதில் மூன்று என்ற கேள்வி தானாகவே வந்தது. கால், அரை, முக்கால் வேறு காதில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கால் சேர்ந்தால் என்ன என்று கேட்டேன், அரை என்று வந்தது. நாலு கால் சேர்ந்தால்? "நாய்!" என்றான் ஒருவன். ஐந்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை.

எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம். யாத்திராகமம் 28. பன்னிரண்டு கற்கள், நாலு பத்தி (அதாவது படுக்கை வரிசை), பத்திக்கு மூன்று. ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். முதல் பத்தி பத்மராகம், புஷ்பராகம், மாணிக்கம் என்று தொடங்கும் அந்தப் பெயர்களை வாசிப்பதே பிள்ளைகளுக்கு ஒரு குஷி. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், சதுரம் என்று அளவும் இருக்கிறது. நானும் ஆசைப்பட்டு, அவரவர் சாணால் அளந்து தாள் வெட்டச் சொன்னேன். ஒன்பது கை, ஒன்பது அளவு. என் கால் உன் காலைவிடப் பெரிது என்று சண்டை. கிண்டலுக்கு இல்லை, அது சரிதான்; முழுமை வேறாக இருந்தால் கால் பங்கும் வேறுதான். அன்றைக்கு அதையே பாடமாக்கிவிட்டு, அடுத்த வாரம் எல்லாருக்கும் 12 செ.மீ. சதுரத் தாளை நானே வெட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு என்பது யோசித்து வைத்த அளவு. உயரத்தில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் நாலு பத்தி, அகலத்தில் 4 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் மூன்று நிரல். மூன்றாக மடிக்கச் சொல்லி அழ வைக்க வேண்டியதில்லை, அளவுகோலே போதும்.

ஆளுக்கு இரண்டு தாள், இரண்டுமே மெல்லியது. ஒன்றில் நாலு பத்திக்கு மட்டும் கோடு; முதல் பத்திக்கு மஞ்சள். இன்னொன்றில் பன்னிரண்டு கட்டமும். முதல் மூன்று கல்லுக்கும் நீலம். முதல் தாளின் பின்பக்கம் 1/4, இரண்டாவதின் பின்பக்கம் 3/12 என்று எழுத வேண்டும். இப்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் மஞ்சளும் நீலமும் கலந்து ஒரே பச்சைப் பட்டை. ஓரத்தில் மஞ்சள் மிஞ்சவில்லை, நீலமும் மிஞ்சவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒன்பது பேரும் முண்டியடித்து நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒருவனுடைய கோடு சாய்ந்திருந்ததால் கீழே மெல்லிய நீல விளிம்பு தெரிந்தது. "உனக்கு மட்டும் சமம் இல்லடா" என்று கேலி. அவன் தாளைக் கிழித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, அளவுகோல் வைத்து மறுபடி வரைந்தான்.

அதே பதக்கத்தில் நெடுக்காக ஒரு நிரலைப் பார்த்தால் நாலு கல், 4/12, அதாவது 1/3. இரண்டு பத்தி என்றால் 6/12, 2/4, 1/2. ஒரே படத்திலிருந்து இத்தனையும் எடுக்கலாம். ஒருத்தி நாலு கல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக வண்ணம் தீட்டிவிட்டு இதுவும் 1/3-தானா என்று கேட்டாள். ஆம், கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் எங்கே இருந்தாலும் நாலு நாலுதான். இந்தக் கேள்வி வராவிட்டால் நாமே கேட்பது நல்லது. ஒட்டி இருந்தால்தான் பங்கு என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு.

ஜிகினாவும் மணிகளும் கொண்டுபோனது என் அடுத்த முட்டாள்தனம். பதக்கம் என்றால் மின்ன வேண்டாமா என்று ஆசை. நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் பசைக்கே போனது. இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: பின்பக்கத்தில் எண் எழுதிக் காட்டினால்தான் பசை கைக்கு வரும்.

1/4, 3/12 என்று ஒரே அளவுக்கு ஏன் இரண்டு பெயர் என்று கேட்டார்கள். யாக்கோபுக்கும் இரண்டு பெயர்தானே என்றேன். ஆதியாகமம் 32-இல் இஸ்ரவேல் என்ற பெயர் வந்த பிறகும் ஆள் அதே ஆள். சீமோனும் பேதுருவும் அப்படித்தான். இது நன்றாகவே பிடிபட்டது. ஆனால் பத்து வயதுக்காரன் ஒருவன், "மனுஷனுக்கு ரெண்டு பேருதான். பின்னத்துக்கு முடியவே முடியாதே" என்றான். உவமை அதற்குமேல் நீளாது. அவன் சொன்னதே சரி என்று விட்டுவிட்டேன்.

மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி நான் முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. தாள்களின் பின்பக்கம் எழுதியிருந்ததைப் பலகையில் வரிசையாக எழுதி வைத்தேன், அதைப் பார்த்து ஒருத்தி அவளாகவே சொன்னாள். ஆனால் கூட்டினாலும் சரிதானே என்று ஒரு குரல் வரும், எப்போதும் வரும். 1/2-க்கு மேலே ஒன்று கூட்டு, கீழே ஒன்று கூட்டு, 2/3. இதற்குப் பத்துக் கன்னிகைகள் கதை உதவியது; விளக்கோடு எண்ணெயும் கொண்டுவந்த புத்தியுள்ளவர்கள் ஐந்து பேர், கொண்டுவராதவர்கள் ஐந்து பேர். பத்து விளக்கு வரைந்து வெட்டினோம், ஐந்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பாத்திரம். பத்தில் ஐந்து. ஜோடி ஜோடியாக அடுக்கினால் ஜோடிக்கு ஒன்று எண்ணெயோடு, இரண்டில் ஒன்று. இப்போது புத்தியுள்ள இன்னொருத்தி வந்து சேர்ந்தால்? பதினொன்றில் ஆறு. ஜோடி அடுக்கினால் எண்ணெயோடு ஒருத்தி துணையில்லாமல் நிற்கிறாள். பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தத் தனி விளக்கைப் பார்த்ததும் வாதம் நின்றது.

ஏழை விதவையின் இரண்டு காசு சின்னப் பாடம்தான். அவளிடம் இருந்ததே இரண்டு, காணிக்கையாகப் போட்டதும் இரண்டு. 2/2. ஐசுவரியவான்கள் நிறையப் போட்டார்கள், ஆனால் அவர்களுடைய முழுமை எவ்வளவு பெரியது! இங்கே பிள்ளைகள் அவர்களாகவே 2/2, 5/5, 12/12 எல்லாமே ஒன்று என்று கண்டுபிடித்தார்கள். 1/4-ஐ 3/3-ஆல் பெருக்குவது ஒன்றால் பெருக்குவதுதான், அதனால்தான் அளவு மாறுவதில்லை என்று பெரிய இருவருக்கு மட்டும் சொன்னேன். பாதி புரிந்திருக்கும்.

பத்துக் குஷ்டரோகிகள் குணமாகி, ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வரும் கதையில் நடுவில் நிறுத்தி "திரும்பி வந்தது எத்தனை பங்கு?" என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு முகம் வாடியது. "இது கதையா கணக்கா அக்கா?" அதிலிருந்து கதையை முழுசாகச் சொல்லி முடித்து, கொஞ்சம் மூச்சு விட்டு, அப்புறம்தான் தாளை எடுப்பேன்.

இப்போது நான் வழுக்கிய இடம். விதைக்கிறவன் உவமை. வழியோரம், கற்பாறை நிலம், முள்ளுள்ள இடம், நல்ல நிலம். நாலு வகை. "அப்போ நல்ல நிலத்துல விழுந்தது நாலில் ஒன்று!" என்று எல்லாரும் கத்த, நானும் சபாஷ் என்று சொல்லி, நாலு கட்டம் போட்டு வண்ணமும் தீட்ட வைத்துவிட்டேன். இரவு வீட்டில் மறுபடி வாசிக்கும்போதுதான் உறைத்தது. சில விதைகள் இங்கே, சில விதைகள் அங்கே என்றுதான் இருக்கிறது. சமமாக விழுந்தன என்று எங்கே இருக்கிறது? வகை நாலு என்பதால் பங்கு கால் ஆகிவிடாது. அடுத்த வாரம் போய், போன வாரம் அக்கா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றே ஆரம்பித்தேன். ஒரு தாளைக் கண்டபடி நாலு துண்டாகக் கிழித்து, ஒரு பெரிய துண்டைத் தூக்கிப் பிடித்து, இது நாலில் ஒன்றா என்று கேட்டேன். அவர்களுக்குப் பின்னத்தைவிட நான் தப்பு செய்தேன் என்பதுதான் அதிக சந்தோஷம். அதன்பிறகு நான் எது சொன்னாலும் "அப்படி எழுதியிருக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

கடைசியாக நோவாவின் பேழை. நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். மேலிருந்து பார்த்தால் அகலம் நீளத்தில் ஆறில் ஒன்று. ஆளுக்கு ஒரு நீளம் சொன்னேன்: ஒருவருக்கு 30 செ.மீ., ஒருவருக்கு 24, அப்புறம் 18, 12, 6. அகலத்தை நீங்களே கண்டுபிடித்து வெட்டுங்கள், பேழை நிஜப் பேழையின் சாயலில் இருக்க வேண்டும் என்றேன். 5/30, 4/24, 3/18, 2/12, 1/6. பெரும்பாலோர் சரியாகச் செய்தார்கள். 18 கிடைத்த ஒருவன் பக்கத்துப் பையனின் 12-க்கு 2 என்பதைப் பார்த்து, ஆறு கூடியிருக்கிறது, அதனால் அகலத்திலும் ஆறு கூட்டுவோம் என்று 8 செ.மீ. வெட்டிவிட்டான். பேழை பாய் மாதிரி இருந்தது. கணக்கைச் சரிபார்க்கும் முன்பே எல்லாருக்கும் கண்ணில் பட்டுவிட்டது.

அதைக் கண்ணால் மட்டும் விடாமல் இப்படியும் பார்த்தோம். எல்லாப் பேழைகளையும் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கி, இடதுபக்கக் கீழ்மூலை எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சேரும்படி ஒட்டவேண்டும். அந்த மூலையிலிருந்து 30 செ.மீ. பேழையின் எதிர்மூலைக்கு அளவுகோல் வைத்தால் நடுவில் உள்ள எல்லாப் பேழைகளின் எதிர்மூலைகளும் அதே கோட்டில் வந்து உட்காரும். பாய்ப் பேழையின் மூலை மட்டும் எங்கேயோ மேலே நின்றது. அவன் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து அகலத்தை 3 செ.மீ. ஆக்கினான். மறுபடி வைத்தோம், கோட்டில் வந்தது.

பிறகு பக்கவாட்டுப் படம். 30-க்கு 3 செ.மீ., பத்தில் ஒன்று. பேழைக்கு மூன்று தட்டு என்பதால் உயரத்தை மூன்றாகப் பிரித்து, தட்டுக்கு ஒரு செ.மீ. கோடு போடச் சொன்னேன். எல்லாரும் அளவுகோலை எடுத்தார்கள், ஏழு வயதுக்காரி எடுக்கவில்லை.

"மூணு தட்டும் ஒரே உயரம்னு எழுதியிருக்கா அக்கா?"

ஆதியாகமம் 6:16-ஐ எடுத்து அவளோடு சேர்ந்து வாசித்தேன். கீழ்த்தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு, அவ்வளவுதான். உயரம் எழுதவில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கீழ்த்தட்டை மட்டும் நல்ல உயரமாக வரைந்து, அதற்குள் யானையை நிறுத்தினாள். மேலே இருந்த இரண்டு மெல்லிய தட்டுகளிலும் பறவைகள்.